ஒன்பது தாளில் கையெழுத்து

முத்தையாபுரம், தூத்துக்குடி
7-6-2024

முருகேஸ்வரிக்கு மாமா எழுதுவது.

நலம் விசாரித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். கை அதற்கு வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுக் காலையில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். பாஸ்போர்ட் விசாரணையாம். உன் ஆதாரில் இன்னும் இந்த விலாசம்தானே இருக்கிறது. "முருகேஸ்வரிங்கிறது இங்கனதான் இருக்காங்களா அண்ணாச்சி?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். "பையனுக்கும் சேர்த்துல்லா அப்ளை பண்ணியிருக்காங்க" என்று போகிற போக்கில் சொன்னார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் செம்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

பத்து நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதானே ஏப்ரலில் குரும்பூருக்குப் போனாய்? பிறகு பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கினாய். என் நம்பரை பிளாக் செய்தாய். இப்போது பாஸ்போர்ட். நீ நர்ஸ், மஸ்கட் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாய் என்று காதில் விழுந்தது, கிடைத்தால் தாராளமாகப் போ. பிள்ளையை எதற்குக் கடல்தாண்டிக் கொண்டுபோகிறாய்?

என் மகன் பேச்சிராஜா பைபாஸில் லாரியில் அடிபட்டுப் போய் வருகிற ஆடியோடு இரண்டு வருஷம். உன் அத்தை அதற்கு முன்பே போய்விட்டாள். எனக்கு மிச்சம் இந்தப் பேரன் ஒருத்தன்தான். என் பெயரை வைத்த பிள்ளை. மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று நீ அவனைச் 'சின்னவர்' என்பாய். சின்னவர் சாப்பிட்டாச்சா, சின்னவர் பல் தேய்ச்சாச்சா! ஆறு வயசுப் பயலுக்கு என்னளா இம்புட்டு மரியாதை என்று நான் சிரிப்பேன். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் வீடு கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் முகத்தைப் பார்க்காமலே செத்துப்போவேனோ என்று பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமில்லை.

வக்கீல் ஜீவமணியைப் பார்த்தேன். பெற்ற தாய் இருக்கும்போது பிள்ளை அவளிடம்தான் இருக்கும், ஆனாலும் தாத்தா கார்டியன் மனு போடலாம், வெளிநாடு கொண்டுபோகத் தடை கேட்கலாம், குறைந்தபட்சம் பார்க்கிற உரிமையாவது கோர்ட்டில் கிடைக்கும் என்கிறார். மருமகளைக் கோர்ட்டுக்கு இழுத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அதை நீயே எனக்கு வாங்கிக் கொடுத்துவிடாதே. பதில் போடு.

ஆறுமுகநயினார்

குரும்பூர்
14-6-2024

மாமாவுக்கு முருகேஸ்வரி எழுதுவது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் வீட்டின் மேல்தான் பயம்.

உங்கள் மகள் சரண்யா மதினியும் அவர்கள் வீட்டுக்காரர் ராஜதுரை அண்ணனும் உங்கள் வீட்டோடு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லாத வருத்தம் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு நாள் டியூட்டி முடிந்து வருகிறேன், மதினி சின்னவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, "அம்மான்னு சொல்லு, அடுத்த வாய் தாரேன்" என்கிறார்கள். சின்னவர் என்னைப் பார்த்துக்கொண்டே அவர்களை அம்மா என்றார். நீங்கள் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். பேப்பரைத் தாழ்த்தக்கூட இல்லை.

ராஜதுரை அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "நீ இன்னைக்கு இருப்ப, நாளைக்கு எவனையாவது கெட்டிக்கிட்டுப் போவ. பிள்ளை எங்க வம்சம்லா" என்றார். அன்றைக்கு ராத்திரியே துணியை எடுத்து வைத்துவிட்டேன்.

மஸ்கட் வேலைக்கு எழுதிப் போட்டது உண்மை. கிடைத்தால் போவேனா என்று எனக்கே தெரியாது. கேஸ் போடாதீர்கள் மாமா. ஒரு மாதம் பொறுங்கள், நானே கூட்டிவந்து காட்டுகிறேன். போனில் மட்டும் பேசச் சொல்லாதீர்கள். போன தடவை நான் அழுதுகொண்டு பேசியதையெல்லாம் ராஜதுரை அண்ணன் ரெக்கார்டு செய்து, எனக்குப் புத்தி சரியில்லை என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறார். கடிதம் என்றால் நான் எழுதியது மட்டும்தான் இருக்கும்.

முருகேஸ்வரி

குரும்பூர்
9-7-2024

மாமாவுக்கு.

ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். பத்து நாளில் கேஸ் போட்டுவிட்டீர்கள். நேற்று சம்மன் வந்தது. சரி, தாத்தாவுக்குப் பேரன் மேல் ஆசை, போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன்.

நான்காவது ஆவணம் என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள். 'என் கணவர் காலமாகிவிட்டபடியால் என் மகன் அவனுடைய தாத்தாவின் பொறுப்பிலேயே பதினெட்டு வயது வரை வளர முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' கீழே கையெழுத்து. என் கையெழுத்துதான் மாமா. கள்ளக் கையெழுத்து இல்லை. 'ரி'யில் சுழி கூட என்னுடையது. ஆனால் அப்படி ஒன்றை நான் எழுதவும் இல்லை, படிக்கவும் இல்லை. எனக்குக் கோட்டி பிடித்துவிட்டதோ என்று என் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வெற்றுத்தாள் கொஞ்சம் கொண்டுவந்தீர்கள். "வாரிசு சர்டிபிகேட், பேங்கு, இன்சூரன்சு, எல்லாத்துக்கும் வேணும். ஒவ்வொரு தடவையும் உன்ன அலைக்கழிக்க வேண்டாம், கீழ கையெழுத்த மட்டும் போட்டுத் தா தாயி" என்றீர்கள். எனக்குக் கண்ணே தெரியவில்லை அன்றைக்கு. போட்டுக்கொண்டே போனேன். எத்தனை தாள் என்று எண்ணவில்லை.

எத்தனை மாமா? அதை மட்டும் சொல்லுங்கள். நான் இன்னும் என்னென்ன சம்மதித்திருக்கிறேன்? வீட்டு வாசலில் பைக் நின்றால் எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். யாராவது ஒரு தாளை நீட்டி, இதோ உன் கையெழுத்து, பிள்ளையைக் கொடு என்பார்களோ என்று இருக்கிறது. நான் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கையெழுத்து என்னுடையதாயிற்றே.

இந்தக் கடிதத்தின் கீழே கையெழுத்துப் போடவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

முத்தையாபுரம்
17-7-2024

முருகேஸ்வரிக்கு.

இதைப் பற்றி உனக்கு எழுதவே கூடாது என்று ஜீவமணி சொல்லியிருக்கிறார். ஆனாலும் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன் என்று எழுதிவிட்டாய், எப்படிச் சும்மா இருப்பது?

மொத்தம் ஒன்பது தாள். நாலு வாரிசுச் சான்றிதழுக்கும் பேங்கு வேலைகளுக்கும் போயிற்று. ஒன்று லாரி இன்சூரன்சுக்கு. ஒன்று இந்தக் கேசுக்கு. மிச்சம் மூன்று. என் பீரோவில், என் சாவியில் இருக்கிறது. என்னை மீறி ஒரு ஈ கூட அதன்மேல் உட்காராது.

நான் திருட்டுத்தனமாக வாங்கவில்லை, அதைப் புரிந்துகொள். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தருகிற கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்தவன். அங்கே சரக்குக்காரப் பார்ட்டிகள் பத்துப் பதினைந்து லெட்டர்ஹெட்டில் வெறும் கையெழுத்தைப் போட்டு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கப்பல் வந்த பிறகு ஒரு கடிதத்துக்காக ஆளைத் தேடி அலைய முடியுமா? கஸ்டம்ஸ் என்ன கேட்கிறதோ அதை நாங்கள் டைப் அடித்துக் கொடுப்போம். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தாளை நான் தப்பாக நிரப்பியது கிடையாது. அந்தப் பழக்கத்தில்தான் உன்னிடமும் வாங்கினேன்.

நாலாவது ஆவணம் வேறு. அதை நிரப்பியது பழக்கத்தில் இல்லை, பயத்தில். சம்மதக் கடிதம் ஏதாவது இருந்தால் கேஸ் நிற்கும் என்று வக்கீல் சொன்னார். மாப்பிள்ளை ராஜதுரை, "அதான் தாள் இருக்குல்லா மாமா" என்றார். நானும் சாவியை எடுத்தேன். தப்பு என்று சொல்லிவிட்டால் கேஸ் போய்விடும், பிள்ளையும் போய்விடுவான். அதனால் சொல்லமாட்டேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

ஆறுமுகநயினார்

முத்தையாபுரம்
10-8-2024, சனி

முருகேஸ்வரிக்கு.

மாதம் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டில் வைத்து, ஒரு மணி நேரம். இடைக்கால உத்தரவு இப்படித்தான் வந்திருக்கிறது. முதல் தடவை இன்றைக்கு முடிந்தது. நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்தேன். பேசத் தைரியம் வரவில்லை.

பயல் முன்பல் விழுந்து பொக்கையாகியிருக்கிறான். எனக்கும் பல் கிடையாது. "தாத்தா, நாம ரெண்டு பேரும் ஒரே செட்டு" என்றான். மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு குரும்பூர் ஸ்டேஷனில் எந்த ரயில் எப்போது வரும் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தான். ஒரு மணி நேரம் ஆனதும் கூட இருந்த கோர்ட்டு ஊழியர் அம்மா கடிகாரத்தைக் காட்டினாள். அவன் கை என் சட்டைப் பாக்கெட்டைப் பிடித்தபடி இருந்தது, விரலை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன்.

அவனை நன்றாக வைத்திருக்கிறாய். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆறுமுகநயினார்

குரும்பூர்
20-8-2024

மாமா,

ஒரு ஈ கூட உட்காராது என்று எழுதினீர்களே.

இன்றைக்குப் பகல் பன்னிரண்டரை மணிக்கு ராஜதுரை அண்ணன் ஆட்டோவில் சின்னவரின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். நான் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தேன். ஆபீசில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். 'என் மகன் ஆறுமுகநயினாரை அவன் மாமா திரு. ராஜதுரையுடன் அனுப்பிவைக்கவும்.' உங்கள் பெயரை நான் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை மாமா. அதுவும் அந்தக் கடிதத்தில் இருந்ததைக் காட்டுவதற்காக. கீழே என் கையெழுத்து. அட்மிஷன் பாரத்தில் இருக்கிற கையெழுத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? ஆயாவை விட்டுப் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள்.

ராஜதுரை அண்ணன் சின்னவர் கையைப் பிடித்து கேட்டுக்கு வெளியே கூட்டிப்போய்விட்டார். சின்னவர் வரமாட்டேன் என்றிருக்கிறார். "ஏலே, தாத்தாதான் ஒன்னத் தூக்கிட்டு வரச் சொன்னாங்க, பேசாம வா" என்று அண்ணன் வாயைப் பொத்தி ஆட்டோவுக்குள் தள்ளியிருக்கிறார். ஒரு செருப்பு ரோட்டில் கிடந்ததாம்.

சின்னவருடைய கிளாஸ் டீச்சர் ஈவாஞ்சலின், மணப்பாட்டுக்காரங்க. பிள்ளையைப் பாதி வகுப்பில் கூட்டிப்போகிறார்களே என்று பின்னாலேயே ஆபீசுக்கு வந்து கடிதத்தை வாங்கிப் படித்திருக்கிறார்கள். படித்ததும் ஓடிப்போய் ஆட்டோவுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். "இத அந்தப் பொண்ணு எழுதல. என்கிட்ட நாலு லீவு லெட்டர் கிடக்கு. ஒண்ணுல கூடப் பிள்ளை பேரு கிடையாது. ரோல் நம்பர்தான் எழுதுவா. மாமனார் பேரு, சொல்லமாட்டேன் டீச்சர்னு வந்த அன்னைக்கே சொன்னவ. அவளா இன்னைக்கு முழுப் பேரையும் எழுதி அனுப்புவா? பிள்ளைய எறக்குய்யா கீழ!" என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். கூட்டம் கூடியதும் அண்ணன் பிள்ளையை இறக்கிவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டார்.

டீச்சர் மட்டும் ரெண்டு நிமிஷம் தாமதித்து வந்திருந்தால்? அதை நினைக்கிறேன், நினைக்கிறேன், அதற்குமேல் புத்தி போக மறுக்கிறது.

சின்னவர் வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். தாத்தா வரச் சொன்னாங்களாம்மா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்கள் சொன்னீர்களா, இல்லையா? அந்த மூன்று தாளில் ஒன்று போயிற்று. மற்ற ரெண்டும் எங்கே?

இனி அவரைக் கோர்ட்டுக்கும் கூட்டிவரமாட்டேன். ஜெயிலில் போட்டாலும் சரி.

முத்தையாபுரம்
23-8-2024

முருகேஸ்வரி, தாயி,

நான் சொல்லவில்லை. என் மகன் எரிந்த சாம்பல் மேல் சத்தியமாக நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

உன் கடிதத்தைப் படித்ததும் பீரோவைத் திறந்தேன். மூன்று தாள் இருக்க வேண்டிய கவரில் ஒரு தாள் இருந்தது. திரும்பத் திரும்ப எண்ணினேன். ஒரு தாளை எத்தனை தடவைதான் எண்ணுவது!

சரண்யாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் குளிக்கும்போது சாவியை எடுத்தது அவள்தான். அழுதாள். "ஜட்ஜு முன்னால பிள்ள நம்ம வீட்டுல இருந்தா கேசு நமக்குத்தாம்னு அவுக சொன்னாவ. நாங்க நல்லா வளக்க மாட்டோமாப்பா?" என்றாள். மாப்பிள்ளை வந்தார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "எல்லாம் ஒங்களுக்காகத்தான் மாமா செஞ்சேன்" என்றார். இன்னொரு தாள் எங்கே என்றேன். கிழித்துப் போட்டுவிட்டேன் என்கிறார். எங்கே கிழித்தாய், துண்டைக் காட்டு என்றால் சிரிக்கிறார். அவர் சட்டை, பை, பைக் டிக்கி, மெத்தைக்கு அடி எல்லாம் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை. அவர் கிழிக்கவில்லை, முருகேஸ்வரி. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

நீ பயந்த பயம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. எங்கேயோ ஒரு தாள் உன் கையெழுத்தோடு கிடக்கிறது. அதில் எவன் எதை எழுதுவான் என்று தெரியாது. அடுத்த வாரம் எழுதலாம், அடுத்த வருஷம் எழுதலாம். நீ மஸ்கட்டே போனாலும் அது உன் பின்னால் வரும். அதை உண்டாக்கியவன் நான். பதினாறாம் நாளில், கண் தெரியாமல் அழுதுகொண்டிருந்தவளிடம் தாளை நீட்டிய நாசமாய்ப் போன கை என்னுடையது.

அந்தத் தாளைக் கண்டுபிடிக்க என்னால் முடியாது. ஆனால் அதைச் செல்லாத் தாளாக்க முடியும். செப்டம்பர் ஐந்தாம் தேதி வாய்தா. ஜட்ஜிடம் நானே சொல்லப்போகிறேன். இந்தத் தேதியில், இப்படி ஒன்பது வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினேன், நாலாவது ஆவணம் நான் நிரப்பியது, பள்ளிக்கூடத்தில் கொடுத்ததும் அதில் ஒன்று, இன்னொன்று காணவில்லை, அது எங்கே எப்போது வந்தாலும் அவள் எழுதியது இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவேன். கோர்ட்டு ரெக்கார்டில் ஏறிவிட்டால் அப்புறம் அதை எவன் நீட்டினாலும் செல்லாது.

ஜீவமணி தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, கேசு அன்னைக்கே போயிரும். பாக்குற ஒரு மணி நேரமும் போயிரும். பொய் ஆவணம் குடுத்ததுக்கு ஒங்க மேலயே கேசு திரும்பும். இந்த வயசுல உள்ள போவணுமா?" என்றார். பயம்தான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அறுபத்தாறு வயது வரை ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்தவன் இல்லை நான். ஆனால் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு வேறு என்ன செய்ய?

மிச்சமிருந்த ஒரு தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே கொளுத்து.

ஆறுமுகநயினார்

குரும்பூர்
17-9-2024

மாமாவுக்கு முருகேஸ்வரி எழுதுவது.

தாளைக் கொளுத்திவிட்டேன்.

அன்றைக்குக் கோர்ட்டில் நீங்கள் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஜட்ஜம்மா, "பெரியவரே, இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டார்கள். தெரியும் அம்மா என்றீர்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ராஜதுரை அண்ணன் எழுந்து வெளியே போனார். நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பிள்ளையைப் பார்க்க இனி உங்களுக்குச் சட்டப்படி ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. இதை என் வக்கீல் பத்மஸ்ரீ மேடம் இரண்டு தடவை எனக்குச் சொன்னார்கள், நான் மறந்துவிடுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

மேடம் ரெண்டு புகார் டைப் அடித்துத் தந்தார்கள். ஒன்று ராஜதுரை அண்ணன் மேல், பள்ளிக்கூடத்தில் நடந்ததற்கு. அதை ஒவ்வொரு வரியாக, ரெண்டு தடவை படித்து, தாளின் வெறும் இடத்தையெல்லாம் கோடு போட்டு அடைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மதினி என்னைச் சபிக்கட்டும். இன்னொன்று உங்கள் மேல். அதிலிருப்பது அத்தனையும் உண்மை. மேடம் பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார்கள். என்னால் போட முடியவில்லை. போடமாட்டேன்.

அதற்காக நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இப்போதும் வாசலில் பைக் நின்றால் எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். உங்களை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. பயம்தான் கூடுதல். மஸ்கட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஜனவரியில் சேர வேண்டும். இன்னும் பதில் எழுதவில்லை. எழுதினால் உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன்.

சின்னவர் இப்போது கட்டிலில்தான் படுக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு டீச்சரின் கையைப் பிடித்தால்தான் போகிறார். நீங்கள் வரச் சொல்லவில்லை என்று அவரிடம் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. தாத்தா நல்லவங்களா கெட்டவங்களா என்று கேட்டார். தெரியலை சாமி, நீயே பார்த்துச் சொல்லு என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குரும்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வாருங்கள். தனியாக வாருங்கள். ஆள் நடமாட்டம் இருக்கும் இடம் என்பதால்தான் அதைச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நானும் என் அண்ணனும் பிளாட்பாரத்திலேயே இருப்போம். நீங்கள் டிக்கெட் கவுண்டர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுங்கள். சின்னவர் ஓடி வந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் நீங்களாக எழுந்து போய்த் தொடாதீர்கள் மாமா. அங்கேயே உட்கார்ந்திருங்கள்.